ஜோசப்பின் தேர்ந்தெடுத்த குழல்

17.11.2022 — 22 மீற்றர், 2 ஊசி
06.05.2024 — ரூ. 75,000
11.05.2024 — 36 வெடி, 3 நாய்
14.05.2024 — ரூ. 220
16.05.2024 — 34 மீற்றர், 1 ஊசி
19.05.2024 — 18 கம்பு, 24 பணிஸ்
21.05.2024 — ரூ. 220
10.06.2024 — ரூ. 220

ஜோசப்பினுக்கு வயது நாற்பத்தாறு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேல் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், வளர்ந்தாள். அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்க்கும் றோலண்டைக் கட்டிக்கொண்டு எதிர் லயத்துக்குக் குடிபோனாள். பிறந்த வீட்டு வாசலிலிருந்து புகுந்த வீட்டு வாசலுக்கு நாற்பத்தொரு அடி. கல்யாணத்தன்று அழுதுகொண்டே போகவேண்டும் என்று சொந்தக்காரப் பெண்கள் சொன்னார்கள். அழ ஆரம்பிப்பதற்குள் வீடு வந்துவிட்டது என்று அவள் இன்றும் சொல்லுவாள்.

ஹட்டனில் ஒரு வனவிலங்கு மருத்துவப் பிரிவில் அவளுக்கு வேலை. சேர்ந்தபோது கடிதம் தட்டச்சுச் செய்பவளாகத்தான் சேர்ந்தாள். இப்போது அவள் செய்வது வேறு வேலை. தேயிலை மலைகளில் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொண்டால், டொக்டர் மயக்க மருந்தை ஊசியில் நிரப்பிக் கொடுப்பார். அந்த ஊசியைத் துப்பாக்கியில் போட்டுத் தூரத்திலிருந்து சிறுத்தையின் தொடையில் ஏற்றுவது ஜோசப்பின். அது தூங்கிய பிறகு கம்பியை அறுப்பார்கள், புண்ணுக்கு மருந்து போடுவார்கள், தெளிந்ததும் காட்டில் விடுவார்கள்.

தட்டச்சுக்காரி துப்பாக்கிக்காரியானது ஒரு கார்னிவலில். 2009ஆம் ஆண்டு கோயில் திருநாளுக்கு ஹட்டனில் கடைகள் போட்டிருந்தார்கள். பலூன் சுடும் கடை முன்னால் ஜோசப்பின் அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதினொரு பேர் சுட்டார்கள். பதினொரு பேருடைய குண்டும் பலூனுக்கு இரண்டு விரல் இடப்பக்கமாகப் போனது. கடைக்காரன் குழலை வளைத்து வைத்திருக்கிறான் என்று புரிந்ததும் காசைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி, இரண்டு விரல் வலப்பக்கமாகக் குறிபார்த்துப் பதினான்கு பலூன்களை உடைத்தாள். ஒரு சுவர்க்கடிகாரம், ஆறு கண்ணாடித் தம்ளர், ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசன்.

"அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த கடைக்குப் போங்க," என்றான் கடைக்காரன்.

"அடுத்த கடையில வளையல்தான் விக்கிறாங்க."

"வாங்கிக்கங்க. நான் காசு தாறேன்."

இந்தக் கதை அலுவலகத்துக்கு வந்து, நான்கு வருடம் கழித்து அங்கே மாற்றலாகி வந்த டொக்டர் ஹர்ஷனியின் காதிலும் விழுந்தது. முன்பு சுட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்றுப் போயிருந்த நேரம். டொக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் வாளியைத் தூரத்தில் வைத்துச் சுடச் சொன்னார். வாளி அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்க உதவவில்லை.

அவள் சுடுவது ஊசி என்பதால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. ஊசி வேகமாகப் போனால் தசையைக் கிழித்து எலும்பில் முட்டும். மெதுவாகப் போனால் பாதி வழியில் மண்ணில் குத்தும். ஆகவே ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு வேகம், அந்த வேகத்துக்கு ஓர் அழுத்தம். சிறிய உருளையிலிருந்து வரும் வாயு ஊசியைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. ஊசி வெளியே போனதும் பின்னால் மிஞ்சிய வாயு "டப்" என்று வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. சத்தம் என்பது அந்த மிச்சம்தான். குழல் நீளமாக இருந்தால் தள்ளுவதற்கு இடம் அதிகம், குறைந்த அழுத்தம் போதும், வாயில் மிஞ்சுவதும் குறைவு. நுனியில் சத்தம் அடக்கும் உறை ஒன்றைத் திருகினால் இன்னும் குறையும். தொழிற்சாலை டிரக்டரின் சைலன்சரும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று றோலண்ட் விளக்குவான். வெடிமருந்துத் துப்பாக்கியின் குண்டு சத்தத்தைவிட வேகமாகப் பறப்பதால், என்ன உறை போட்டாலும் காற்றைக் கிழிக்கும் ஒலி மிஞ்சும். ஊசி மெதுவாகப் போவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மெதுவாகப் போவதே இன்னொரு தொல்லை. சத்தம் ஊசிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

2022 நவம்பர் 17ஆம் திகதி நோர்வூட் பக்கத்தில் நடந்தது அதுதான். அப்போது அவர்களிடம் இருந்த பழைய துப்பாக்கிக்கு முப்பது சென்டிமீற்றர் குழல், உறை கிடையாது. ஜோசப்பின் இருபத்திரண்டு மீற்றர்வரை நெருங்கிப் போனாள். குறி தப்பவில்லை. ஆனால் "டப்" என்ற சத்தம் கேட்டதுமே சிறுத்தை எகிறியது. அது நின்ற இடத்தில் ஊசி வந்து மண்ணில் குத்தியது. வயிற்றைச் சுற்றியிருந்த கம்பியை நாற்பது நிமிடம் இழுத்துக்கொண்டு போராடியது. இரண்டாவது ஊசி ஏறியது. கம்பியையும் அறுத்தார்கள். மறுநாள் காலையில் அது செத்துப்போனது.

"உன் குறி சரியாகத்தான் இருந்தது," என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அவர்கள் இருவரும் பேசுவது சிங்களத்தில்தான்.

"குறி சரி மிஸ். சத்தம்தான் கொன்றது," என்றாள் ஜோசப்பின்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன் துப்பாக்கிச் சத்தத்தால் இன்னொரு சிறுத்தை சாகக் கூடாது.

ஒன்றரை வருடம் கழித்து வாய்ப்பு வந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சங்கம் ஒன்று ஒரு புதிய ஊசித் துப்பாக்கியைத் தருவதாக எழுதியது. கூடவே இரண்டு பக்கப் படிவம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: குழல் நீளம் 40, 55, 70 சென்டிமீற்றர், ஒன்றில் மட்டும் அடையாளமிடுக. பழைய துப்பாக்கிக்காகக் கேட்டு எழுதியதிலிருந்து அது கைக்கு வரப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. இந்தக் கட்டத்தில் தவறினால் அடுத்த கட்டம் வரும்போது ஜோசப்பின் ஓய்வுபெற்றிருப்பாள்.

சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு முகவர் இருந்தார். பார்வைக்கான துப்பாக்கி ஒன்றையும் மூன்று குழல்களையும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார். எழுபத்தையாயிரம் ரூபாய் முன்பணத்தை டொக்டர் கட்டினார். பெட்டி மே 6ஆம் திகதி வந்தது. 20ஆம் திகதி திரும்பிப் போகவேண்டும்.

எங்கே சுட்டுப் பார்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்தில் சமதரை என்று இருப்பது கிரவுண்ட் ஒன்றுதான். கிரிக்கெட்டும் அங்கேதான், மே தினக் கூட்டமும் அங்கேதான், கல்யாணப் பந்தலும் அங்கேதான், ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து ஊசி போடுவதும் அங்கேதான். எதையாவது செய்து பார்க்கவேண்டும் என்றால் தோட்டத்து மனிதரின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். 11ஆம் திகதி சனிக்கிழமை காலை ஜோசப்பினின் காலும் திரும்பியது.

கொழுந்துச் சாக்கு ஒன்றில் மானாப்புல்லை அடைத்து, முப்பத்தைந்து மீற்றர் அளந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த கல் மதிலுக்குப் பின்னால் றோலண்ட் தன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை அதில் இறக்கியிருந்தான். சிறுத்தையின் இடத்தில் அன்று அவன்தான்; தோட்டத்துப் பேச்சில் சிறுத்தைக்குப் புலி என்றுதான் பெயர்.

"என்னங்க, நான் சுட்டதும் நம்பரச் சத்தமாச் சொல்லுங்க."

"புலி நம்பர் சொல்லுமா?"

"இந்தப் புலி சொல்லும். சொல்லாட்டி மத்தியானம் சோறு இல்ல."

அலுவலக ஜீப் சாரதி விஜிதரன் ஒவ்வொரு வெடிக்கும் அழுத்தத்தை எழுதிக்கொண்டான். அவன் சட்டைப்பையில் பணிஸ் ரொட்டி இருந்ததால் மேல் லயத்து நாய்கள் நான்கு வந்து மதிலடியில் படுத்துக்கொண்டன. நான்காவது வெடிக்குப் பிறகுதான் நாய்களும் ஒரு கருவி என்பது ஜோசப்பினுக்குத் தோன்றியது. சத்தம் கேட்டு எத்தனை நாய் தலையைத் தூக்குகிறது என்றும் எழுதச் சொன்னாள். முதல் நான்கையும் திரும்பச் சுட்டாள். மந்திரி என்று பெயர்பெற்ற கிழநாய் எதற்கும் தலையைத் தூக்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்று குழலுக்கும் உறை பூட்டித்தான் சுட்டார்கள். கணக்கில் எடுத்தது குழலுக்குப் பன்னிரண்டாக முப்பத்தாறு வெடி. நாற்பது சென்டிமீற்றர் குழலுக்கு ஒன்பது அலகு அழுத்தம் வேண்டியிருந்தது. றோலண்டின் போனில் 74 டெசிபல் காட்டியது. பன்னிரண்டில் ஒன்பது தடவை ஏதாவது ஒரு நாய் தலையைத் தூக்கியது. ஐம்பத்தைந்துக்கு ஏழு அலகு, 68, நான்கு தடவை. எழுபதுக்கு ஆறு அலகு, 64, ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் விஜிதரன் பையில் கைவிட்ட நேரம்.

"அக்கா, எழுபதுதான். கண்ண மூடிக்கிட்டு எழுதுங்க," என்றான் விஜிதரன்.

"கண்ண மூடிக்கிட்டு எழுதினா கட்டத்துக்கு வெளிய போகும் தம்பி."

கண்ணைத் திறந்துகொண்டே எழுபதில் அடையாளமிட்டாள். 13ஆம் திகதி டொக்டரும் கையெழுத்துப் போட்டார். எதையும் மூன்று தடவை வாசிக்காமல் அனுப்புகிற பழக்கம் ஜோசப்பினுக்குக் கிடையாது. படிவத்தை உறையில் போட்டு விஜிதரனிடம் கொடுத்து, "ஜீப்புலயே இருக்கட்டும். வெள்ளிக்கெழம இன்னொருக்கா பாத்துட்டுத் தபால்ல போடுவோம்," என்றாள். கடைசித் திகதி 31. அவசரம் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லிந்துலையிலிருந்து போன் வந்தது. ஆறாம் நம்பர் மலையில் ஒரு பெண்சிறுத்தை கம்பியில் கிடக்கிறது.

ஜீப் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் முழுக்கச் சனம். கண்டாக்கு, அதாவது மலைவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆட்களை மறித்து நின்றார். சிறுத்தையை முதலில் கண்டவள் அழகம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண். வயது ஐம்பத்திரண்டு, குரலுக்கு மட்டும் இருபது.

"அந்தா, மூணாவது கல்லுக்கட்டுக்குக் கீழ, புள்ள. கால்லதான் கம்பி. வயித்துல இல்ல. நான் நல்லாப் பாத்தேன். அதுவும் என்னய நல்லாப் பாத்துச்சு."

டொக்டர் ஊசியில் மருந்து நிரப்பினார். ஜோசப்பின் எழுபது சென்டிமீற்றர் குழலைப் பூட்டி, உறையைத் திருகி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேயிலை நிரைகளுக்குள் இறங்கினாள். சிறுத்தை சரிவில் கீழே கிடந்தது. முப்பத்துநான்கு மீற்றரில் அதன் தொடை தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று இருந்தது. அங்கே முழந்தாளிட்டுத் துப்பாக்கியை நீட்டினாள்.

நீட்ட முடியவில்லை. குழலும் உறையும் சேர்ந்து எண்பத்தெட்டு சென்டிமீற்றர். அவள் மேல் நிரைச் செடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தும், துப்பாக்கியின் வாய் கீழ் நிரைச் செடிக்குள் நுழைந்துகொண்டது. தூக்கிப் பிடித்தால் செடிகளுக்கு மேலே கொடிக்கம்பம்போல் தெரிந்தது. சிறுத்தை நேராக அதையே பார்த்தது. தாழ்த்தினால் இலை மறைத்தது. சிறுத்தை இடப்பக்கம் நகர, அவளும் மெதுவாகத் திருப்பினாள். கவ்வாத்து வெட்டியபோது விட்டுப்போன ஒரு காய்ந்த குச்சியில் உறை பட்டு "டக்" என்றது.

அந்தச் சத்தம் எந்தக் குழலின் சத்தத்தையும்விடப் பெரிது. சிறுத்தை எழுந்து கம்பியை ஒரு தடவை இழுத்தது. ஜோசப்பினுக்கு நோர்வூட் ஞாபகம் வந்தது. மூச்சுவிடாமல் நாற்பது வரை எண்ணினாள். சிறுத்தை மறுபடி படுத்தது. அவள் பின்புறமாகவே தவழ்ந்து மேலே வந்தாள்.

"என்னா புள்ள, சுடலியா?" என்று அழகம்மா குசுகுசுத்தாள்.

"குழாய் நீளமாப் போச்சு அக்கா. நெரைக்குள்ள திரும்ப மாட்டேங்குது."

"இத எங்க வச்சுச் சுட்டுப் பாத்தீங்க?"

"எங்க தோட்டத்துக் கிரவுண்டுல."

அழகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "கிரவுண்டுல புலி கிரிக்கெட்டா வெளயாடப்போவுது?"

அவசர நேரத்திலும் டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துச் சிரித்தார்.

ஜோசப்பின் ஜீப்புக்குப் பின்னால் போய் ஐம்பத்தைந்து சென்டிமீற்றர் குழலை மாற்றிப் பூட்டினாள். ஆறு நிமிடம் ஆனது. அழுத்தத்தை ஏழு அலகுக்கு உயர்த்தினாள். அதே வழியாக இறங்கி, அதே இடத்தில் முழந்தாளிட்டாள். இந்தத் தடவை துப்பாக்கியின் வாய் இரண்டு நிரைக்கும் நடுவில் நின்றது. சிறுத்தை வலப்பக்கம் நகர்ந்தபோது குழலும் இலையைத் தொடாமல் கூடவே திரும்பியது. பத்து மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்குச் சுட்டாள். சிறுத்தையின் ஒரு காது மட்டும் திரும்பியது. காது திரும்பி முடிவதற்குள் ஊசி தொடையில் இருந்தது. பதினொரு நிமிடத்தில் அது தலையைச் சாய்த்தது. நிறுத்துப் பார்த்தபோது இருபத்தொன்பது கிலோ. பின்னங்காலில் தோல் மட்டும்தான் கிழிந்திருந்தது.

"எங்க சின்ன மகளவிடக் கொறச்சல்தான்," என்றாள் அழகம்மா. "அவளுக்கும் இப்பிடி ஒரு ஊசி போட்டா நல்லாருக்கும். வாய் ஓயாது."

கூட்டில் தூங்கும் சிறுத்தையோடு ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. தலவாக்கலையைத் தாண்டியதும் ஜோசப்பின் கையை நீட்டினாள்.

"தம்பி, அந்த ஃபோர்மக் குடு. திருத்தணும்."

விஜிதரன் ரோட்டையே பார்த்தான். ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

"தம்பி."

"அது போயிருச்சு அக்கா."

"எங்க போயிருச்சு?"

"கொழும்புக்கு. செவ்வாக்கெழமையே. ரெஜிஸ்டர் தபால்ல. இருநூத்தி இருவது ரூவா. துண்டுகூட வச்சிருக்கேன்."

ஜோசப்பின் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பதினோரு வருசமா நீ ஒரு கடுதாசியாச்சும் சொன்ன நாள்ல போட்டிருக்கியா?"

"அதாங்க்கா. இந்தவாட்டியாச்சும் திட்டு வாங்காம முந்திப் போட்டுருவோம்னு நெனச்சேன்."

பின் இருக்கையில் இருந்த டொக்டருக்கு விசயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. "சிறுத்தை தூங்குகிறது, மெதுவாகத் திட்டு," என்றார்.

அன்று பின்னேரமே ஜோசப்பின் கொழும்பு முகவரின் அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். எடுத்தவர் பணிவாகப் பேசினார். பதிவான படிவத்தைத் திருத்த முடியாது. வேண்டுமானால் புதிய சோதனை ஒன்றின் அளவுகளை வைத்து, மருத்துவரின் கையெழுத்தோடு கடிதம் எழுதலாம். சங்கம் பார்த்து முடிவுசெய்யும். "ஒரு சிறுத்தையில் நடந்ததை மட்டும் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முப்பத்தாறு வெடி சுட்டு எழுபது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே," என்றார். அவள் அனுப்பிய எண்களே அவளுக்கு எதிராக நின்றன. பெட்டி திரும்பிப் போக நான்கு நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. அழகம்மாவிடம் உதவி கேட்டபோது அவள் ஒரே நிபந்தனை வைத்தாள். "சும்மா வர மாட்டோம். பணிஸ் வேணும். சீனி போட்ட பணிஸ்." கண்டாக்கையாவும் அனுமதி கொடுத்து, வேடிக்கை பார்க்கத் தானும் வந்துவிட்டார்.

றோலண்ட் மூங்கிலை வெட்டி மூன்று அளவில் ஆறாறு கம்பு செய்திருந்தான்: ஐம்பத்தெட்டு, எழுபத்துமூன்று, எண்பத்தெட்டு சென்டிமீற்றர். உறையோடு சேர்த்து மூன்று குழலின் நீளம். ஆறு பெண்கள். ஒவ்வொருத்தியும் கம்பைத் துப்பாக்கிபோல் தோளில் வைத்துக்கொண்டு நிரைக்குள் போகவேண்டும், பத்துப் பத்து அடிக்கு ஒரு தடவை முழந்தாளிடவேண்டும், கம்பை இடமும் வலமும் திருப்பவேண்டும். கம்பு செடியில் பட்டால் "பட்டுச்சு" என்று சொல்லவேண்டும். ஒரு கம்புக்கு ஒருத்திக்குப் பத்துத் தடவை.

ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் அழகம்மா கம்பைக் கண்டாக்குப் பக்கம் திருப்பினாள்.

"அய்யா, போன மாசம் என் கணக்குல ரெண்டு கிலோ கொழுந்தக் கொறச்சு வெட்டுனீங்களே, ஞாபகம் இருக்கா?"

கண்டாக்கு இரண்டு கையையும் தூக்கினார். "அழகம்மா, அது ஈரக் கொழுந்து."

"சுடவா, வேணாமா?"

"ஒரு கிலோவத் திருப்பித் தாறேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்க! எழுதிக்க புள்ள, நீதான் எல்லாத்தையும் எழுதுறியே."

ஜோசப்பின் எழுதவில்லை, மற்றதை எல்லாம் எழுதினாள். அறுபது தடவையில் சிறிய கம்பு ஏழு தடவை செடியில் பட்டது, நடுக்கம்பு பதினொரு தடவை, நீளக் கம்பு நாற்பத்தொரு தடவை. நீளக் கம்பின் முறையில் "பட்டுச்சு, பட்டுச்சு" என்ற சத்தம் மலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பணிஸ் தின்ன உட்கார்ந்தபோது அழகம்மா இன்னொன்றைக் காட்டினாள். கொழுந்து பறிக்கிறவர்கள் கையில் மட்டக்கம்பு என்று ஒன்று இருக்கும். செடியின் மேற்பரப்பில் அதைக் கிடத்தி, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தைமட்டும் பறிப்பார்கள். அன்று வேலை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் ஆறு பேரும் அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இத ஆரும் அளந்து வெட்டுறதில்ல. நீளமா வெட்டிட்டு வந்தா நெரைக்குள்ள மாட்டும், அன்னைக்கே ஒடச்சுச் சின்னதாக்குவோம். அப்பறம் மாட்டாது."

ஜோசப்பின் கையிலிருந்த பணிஸைக் கீழே வைத்துவிட்டு றோலண்டிடம் அளவு நாடாவை வாங்கினாள். ஆறு மட்டக்கம்பையும் அளந்தாள். 69, 71, 71, 72, 74, 76. வேறு மலையில் நிரை அகலமாக இருந்தால் கம்பும் நீளமாக இருக்கலாம். இந்த மலையில் எழுபத்தாறுக்கு மேல் ஒன்றும் இல்லை. உறையோடு சேர்த்து எண்பத்தெட்டு சென்டிமீற்றர் உள்ள குழலை யாராவது ஒரு கொழுந்துக்காரியிடம் காட்டியிருந்தால், ஒரு வெடிகூடச் சுடாமல் பதில் கிடைத்திருக்கும்.

கடைசியாக நிரைக்குள் வைத்து நாற்பதிலும் ஐம்பத்தைந்திலும் பன்னிரண்டு பன்னிரண்டு வெடி சுட்டார்கள். தேயிலைச் செடிகளே சத்தத்தில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டன. நாற்பதுக்கு 71, ஐம்பத்தைந்துக்கு 65. கிரவுண்டில் எழுபது சென்டிமீற்றர் குழலுக்குக் கிடைத்த எண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் கூட.

"அப்ப நாற்பதுதானே இன்னும் நல்லாத் திரும்பும்?" என்று விஜிதரன் கேட்டான்.

"திரும்பும். ஆனா ஆறு சத்தம் கூட. கம்பு படுறதுல நாலுதான் வித்தியாசம். நாலுக்காக ஆறக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் பெட்டி திரும்பிப் போனது. முன்பணம் டொக்டருக்கு வந்தது. கடிதம் 21ஆம் திகதி போனது. இந்தத் தடவை ஜோசப்பின் தபால் கந்தோரின் வரிசையில் தானே நின்றாள். விஜிதரனையும் பக்கத்தில் நிற்கவைத்தாள், தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இடையில் வெசாக் விடுமுறை வந்ததால் கொழும்பில் ஒன்றும் நகரவில்லை. சிறுத்தையின் கால் ஆறியது. ஜூன் 6ஆம் திகதி மாலை அதைக் காட்டோரத்தில் கூட்டைத் திறந்து விட்டார்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனது. ஜோசப்பினுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள், ஜூன் 7ஆம் திகதி, சங்கத்திடமிருந்து ஒரு கடிதம். மிகக் குறைந்த சத்தமுள்ள குழலை விட்டுவிட்டு, அதைவிடச் சத்தமுள்ளதை ஏன் கேட்கிறீர்கள், ஒரு பக்கத்துக்குள் விளக்கவும்.

"ஒரு பக்கமா?" என்றான் றோலண்ட். "நீ மளிகைச் சாமான் துண்டே ரெண்டு பக்கம் எழுதுவ."

மூன்று நாள் எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். கடைசியில் போனது இவ்வளவுதான்:

"எங்களுடைய சிறுத்தைகள் தேயிலைச் சரிவில் மாட்டிக்கொள்கின்றன. அங்கே எழுபது சென்டிமீற்றர் குழல் அறுபது தடவையில் நாற்பத்தொரு தடவை செடியில் படுகிறது. செடியில் படும் சத்தம் துப்பாக்கியின் சத்தத்தைவிடப் பெரியது. முதல் சோதனையைச் சமதரையில் செய்தது என்னுடைய பிழை. இரண்டாவது சோதனையை இந்த மலையில் தினமும் நடக்கும் ஆறு பேர் செய்தார்கள். அவர்களுடைய பெயர்களும் கம்புகளின் அளவும் கீழே. ஐம்பத்தைந்து தாருங்கள்."

கீழே ஆறு பெயர்கள். அழகம்மா தன் பெயரை முதலாவதாகப் போடவேண்டும் என்று சொல்லியிருந்தாள். அகரவரிசையும் அதற்கு இடம் கொடுத்தது. டொக்டர் கையெழுத்திட்டார். ஜூன் 10ஆம் திகதி தபாலில் போனது.

அதன் பிறகு விஜிதரனுக்குத்தான் நிம்மதி இல்லை. தினமும் காலையில் தபால் கந்தோருக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்தான். நான்காவது வாரம் தபால்காரர் அவனைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்ட ஆரம்பித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை தலையை ஆட்டவில்லை. உறையைத் தூக்கிக் காட்டினார். விஜிதரன் அதைப் பிரிக்காமல், ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான்.

ஜோசப்பின் கடிதத்தை மூன்று தடவை வாசித்தாள். குழல் நீளம் 55 சென்டிமீற்றர் என்று திருத்தப்பட்டது. சத்தம் அடக்கும் உறை சேர்த்து அனுப்பப்படும். மலைச்சரிவில் துப்பாக்கி கேட்பவர்களுக்கான படிவத்தில் இனிமேல் நிரையின் அகலத்தையும் கேட்கப்போகிறார்கள். ஆறு பெண்களுக்கும் சங்கத்தின் நன்றி. மூன்றாவது தடவை வாசித்து முடிந்ததும் டொக்டரிடம் நீட்டிவிட்டு, லிந்துலைக்குப் போன் போட்டு அழகம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 09.07.2024.